கோரிக்கை மனு: இந்தியக் குடிமக்களைப் பெத்த இலங்கைத் தமிழ் அகதி அப்பா அம்மாவுக்கு இங்கேயே இருக்குற உரிமை வேணும்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சேப்பாக்கம், சென்னை.

அனுப்புநர்:
ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம்ங்கற ஊர்ல பொறந்து இப்ப கோயம்புத்தூர்ல வேலை பாக்குற இந்தியக் குடிமகன் (பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் தனித்தாள்ல இணைச்சிருக்கேன்)

பொருள்: என் அப்பா அம்மா என்கூட என் வீட்ல சட்டப்படி தங்குறதுக்கு அனுமதியும், அவங்களை மாதிரி இருக்குற எல்லாருக்கும் நீண்டகால விசா கிடைக்க ஒன்றிய அரசுக்கு பரிந்துரையும் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பா அம்மா மன்னார் பக்கத்து ஊர்க்காரங்க, சண்டைக்கு பயந்து 1985ல படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்குனாங்க, மண்டபம் முகாம்ல பதிஞ்சாங்க, அடுத்த வருஷம் 1986ல நான் மண்டபத்துலயே பொறந்தேன். 1950 ஜனவரி 26க்கு அப்புறம் 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா பொறப்பாலேயே இந்தியக் குடிமகன்தான், அப்பா அம்மா அகதிங்கறதால அது மாறாதுன்னு குடியுரிமைச் சட்டம் சொல்லுது. இது ரொம்ப வருஷம் எங்களுக்கு தெரியவே தெரியாது. 2022ல திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருக்குற, என்னை மாதிரியே மண்டபத்துல 1986ல பொறந்த ஒரு சகோதரிக்கு பாஸ்போர்ட் கொடுங்கன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு, அவங்க 2024 எம்.பி. தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அந்த தீர்ப்பு காப்பியை வச்சுத்தான் நானும் அலைஞ்சு திரிஞ்சு பாஸ்போர்ட் வாங்குனேன்.

ஆனா என்னைப் பெத்தவங்க நிலைமை 1985ல எங்க இருந்துச்சோ அங்கேயேதான் இருக்கு, ஒருவிதத்துல அதை விட மோசம்னே சொல்லணும். ஏன்னா 2003ல கொண்டு வந்த சட்டத் திருத்தத்துல பாஸ்போர்ட் விசா இல்லாம வந்தவங்க எல்லாரும் சட்டவிரோதக் குடியேறின்னு ஆயிருச்சு, அப்படி ஆனவங்க எத்தனை வருஷம் இங்க இருந்தாலும் குடியுரிமைக்கு மனுவே போட முடியாது. குண்டு விழுந்துட்டு இருக்கும்போது ராத்திரியில படகு ஏறுனவங்க எந்த ஆபீஸ்ல போய் விசா வாங்கிட்டு வந்திருப்பாங்க ஐயா? ஒளிஞ்சு வாழ்ந்தவங்களும் இல்ல. கரையில இறங்குனதும் பேரெழுதுனது அரசாங்கம், அட்டை கொடுத்தது அரசாங்கம், 40 வருஷமா அரிசியும் பணக்கொடைங்கற உதவிப் பணமும் கொடுத்து மாசாமாசம் தலையை எண்ணி கணக்கு வச்சிருக்கறதும் அரசாங்கம்தான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூணு நாடுதான் வந்துச்சு, இலங்கை வரல. 2025 செப்டம்பர்ல ஒன்றிய உள்துறை போட்ட உத்தரவுல 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லைங்கறதுக்காக தண்டனை கிடையாதுன்னு விலக்கு கொடுத்தாங்க, அதுக்கு மனசார நன்றி சொல்றேன். ஆனா புடிச்சு உள்ள போட மாட்டோம்ங்கறது வேற, நீங்க இங்க இருக்கலாம்னு எழுதிக் கொடுக்கறது வேற. நாங்க கேக்குறது ரெண்டாவதை.

இது வாழ்க்கையில எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்றேன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கை கால் விழுந்துருச்சு. திருச்சி மாவட்டத்து முகாம்ல பத்துக்குப் பத்து ரூம்ல அம்மாதான் தூக்கி உக்கார வச்சு சோறு ஊட்டுறாங்க, அம்மாவுக்கும் சுகர், முழங்கால் வலி. நான் கோயம்புத்தூர்ல வாடகை வீடு எடுத்து அப்பாவுக்குன்னு கீழ்த்தளத்துலயே ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கேன். கூட்டிட்டு வந்தா, முகாம்ல ஆளை எண்ணி கையெழுத்து வாங்குற செக்கிங் நாளைக்குள்ள திரும்ப முகாமுக்கு கொண்டு போய் நிறுத்தணும், முகம் காட்டலைன்னா பேரு வெட்டுப்பட்டுரும்னு அம்மாவுக்கு பயம். போன தடவை வேன் புடிச்சு படுக்க வச்சு கொண்டு போனோம். அந்த முகாம் அட்டையில அப்பா இளவட்டமா மீசையோட இருக்குற போட்டோ, கீழ வருஷக்கணக்கா அவர் கையெழுத்து வரிசையா இருக்கும், கடைசி சில வரியில மட்டும் இடது கை பெருவிரல் ரேகை. அம்மாதான் விரலை புடிச்சு மைப்பெட்டியில அமுக்கி வச்சாங்க. கையெழுத்து வாங்க வந்த ஆபீசர் நல்ல மனுஷர், அவரே எந்திரிச்சு வேனுக்கு பக்கத்துல வந்து வாங்கிட்டு போனாரு, ஆனா அவரால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்.

முகாமை விட்டு வெளிப்பதிவுக்கு, அதாவது முகாமுக்கு வெளிய தங்குற அகதியா பதியறதுக்கு, மாத்திக்கங்கன்னு சில பேர் சொல்றாங்க. மாத்துனா போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சு அங்க போய் வரணும், முகாம் வீடும் பணக்கொடையும் போயிரும், அப்பவும் இருக்குற உரிமைன்னு ஒரு பேப்பர் கைக்கு வராது. இலங்கைக்கே திரும்பிப் போகலாமேன்னு கேக்குறவங்களுக்கும் சொல்றேன், அங்க அவங்களை பாத்துக்க ஒரு ஆள் இல்ல, நான் கூடப் போகணும்னா இந்திய பாஸ்போர்ட்ல விசா எடுத்து போய் விசா முடிஞ்சதும் திரும்பி வரணும், அந்த நாட்டுல நான் வெளிநாட்டுக்காரன். அப்ப நாங்க மூணு பேரும் சட்டப்படி ஒண்ணா இருக்க எந்த நாட்டுலயும் இடம் இல்லைன்னுதானே ஆகுது?

இன்னொரு விஷயம் நீங்க கட்டாயம் யோசிக்கணும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல இருந்து இருக்கு. பெத்தவங்களை பாத்துக்கற கடமை பிள்ளைக்கு இருக்குன்னு அது சொல்லுது, செய்யலைன்னா பிள்ளையை கூப்பிட்டு விசாரிச்சு பணம் கட்டச் சொல்லி உத்தரவு போட முடியும். நான் இந்தியக் குடிமகன், அந்தக் கடமை என் மேல முழுசா இருக்கு, அதை செய்யணும்னு எனக்கு ஆசையும் இருக்கு. ஆனா பாத்துக்கன்னு சொல்ற அதே அரசாங்கம் அவங்க என் வீட்ல நாலு நாள் சேர்ந்தாப்புல தங்கறதுக்கு பர்மிஷன் லெட்டர் கேக்குது. கடமையை எனக்கு கொடுத்தா அதை செய்யற வழியையும் கொடுக்கணும் ஐயா.

மத்த நாடுகள் இதை பண்ணியிருக்கு. பெல்ஜியத்துல விசா இல்லாம இருந்த கொலம்பியாக்காரர் ஒருத்தரோட பிள்ளைங்க பெல்ஜியம் குடிமக்கள், அந்த பிள்ளைங்களுக்காக அப்பா அம்மாவுக்கு தங்கற உரிமையும் வேலை பாக்குற உரிமையும் கொடுக்கணும்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்ல தீர்ப்பு சொல்லுச்சு. அயர்லாந்து 2005ல தனித் திட்டமே போட்டு அங்க பொறந்த பிள்ளைங்களோட வெளிநாட்டு பெத்தவங்க பதினாறாயிரம் பேருக்கு மேல அனுமதி கொடுத்துச்சு. அமெரிக்காவுல குடிமகனுக்கு 21 வயசு ஆயிட்டா அப்பா அம்மாவுக்கு நிரந்தரமா தங்க மனு போடலாம், ஆனா எனக்கு 21 ஆகி எவ்வளவோ வருஷமாச்சு, அப்படி ஒரு விண்ணப்பப் படிவமே இங்க கிடையாது.

2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல இந்தியா ஒண்ணும் தர்மசத்திரம் இல்லன்னு சொன்னது நியூஸ்ல வந்தப்ப முகாம்ல பெரியவங்க பாதிப்பேர் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அது தண்டனை முடிச்ச ஒருத்தரோட வழக்கு, எங்களோடது வேற, அதை அவங்களுக்கு புரிய வைக்கவே பெரும்பாடா போச்சு. நாங்க கேக்குறது சத்திரத்துல இடம் இல்ல, பெத்த பிள்ளை வீட்ல இடம்.

என் தம்பி 1989ல பொறந்தான், ரெண்டு வருஷம் பிந்திட்டதால அவனுக்கு குடியுரிமை இல்ல, அவனுக்காக தனியா மனு போடுறேன். இந்த மனுவுல கேக்குறது பெத்தவங்களுக்கு மட்டும்தான்.

குடியுரிமைச் சட்டத்தை மாத்தற அதிகாரம் உங்ககிட்ட இல்லைன்னு தெரியும். ஆனா 1987 ஜூலைக்கு முன்னாடி இங்க பொறந்த பிள்ளைங்களோட அகதிப் பெத்தவங்க எத்தனை பேர் உசுரோட இருக்காங்கன்னு முகாம் பதிவேட்டை வச்சு உங்க துறையால கணக்கெடுக்க முடியும், பெரும்பாலும் அறுபதைத் தாண்டுனவங்க, வருஷாவருஷம் குறைஞ்சுட்டே வர்றாங்க. அந்தப் பட்டியலோட, இவங்களுக்கு நீண்டகால விசா கொடுங்க, சட்டவிரோதக் குடியேறிங்கற பேரை எடுங்கன்னு மாநில அரசு மூலமா ஒன்றிய உள்துறைக்கு பரிந்துரை அனுப்புங்க. அது வர்ற வரைக்கும் குடிமகனான பிள்ளை பொறுப்பேத்து எழுதிக் கொடுத்தா முகாம் பதிவை வெட்டாம பிள்ளை வீட்லயே தங்கலாம், செக்கிங்கையும் அந்த வீட்டுக்கு பக்கத்து தாலுகா ஆபீஸ்லயோ, நடக்க முடியாதவங்களுக்கு வீட்லயோ வச்சுக்கலாம்னு ஒரு சுற்றறிக்கை போடுங்க. இதுக்கு டெல்லியில கேக்கணும்னு எனக்கு தோணல.

என் பொறப்பு சர்டிபிகேட், பாஸ்போர்ட், அப்பா அம்மா முகாம் அட்டை, அப்பாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாத்தோட நகலும் இணைச்சிருக்கேன். நேர்ல விசாரிக்கணும்னா எப்ப கூப்பிட்டாலும் வர்றேன். அடுத்த செக்கிங்குக்கு அப்பாவை மறுபடி வேன்ல ஏத்தற நிலைமை வராம அதுக்கு முன்னாடி எழுத்துல ஒரு பதில் கொடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)