செயலாளர் ஆண்டறிக்கை: வீட்டில் செய்து விற்கும் வாகன ஆக்சசரீஸும் நம் சட்டப் பொறுப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை பற்றிய விவரம் உங்கள் கையிலுள்ள அச்சுத்தாளில் இருக்கிறது. இவ்வாண்டு நிர்வாகக் குழு கூடியபோதெல்லாம் பேச்சு ஒரே விஷயத்தில் வந்து நின்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே: நாம் செய்து விற்கும் சீட் கவர், ஃப்ளோர் மேட், கேரியர், பம்பர் கார்டு ஆகியவற்றால் விபத்து நேர்ந்தால் சட்டம் யாரைக் கேட்கும்?

பொருளில் பெயரும் முகவரியும் போடாமல் விற்றால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. அதன் 84ஆம் பிரிவு, வடிவமைப்பில் குறை, தயாரிப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றுக்குத் தயாரித்தவரைப் பொறுப்பாக்குகிறது. 86ஆம் பிரிவு, தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால் விற்ற கடைக்காரரையே பொறுப்பாக்க வழி செய்கிறது. பெயரில்லாச் சரக்கை எடுக்கச் சில கடைக்காரர்கள் தயங்குவது இதனால்தான்; அவர்களிடம் நாம் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. வீட்டில் தைத்தது, ஆலையில் செய்தது என்று இச்சட்டம் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

ரப்பர் மேட்டால் என்ன ஆகிவிடும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே, வேறு மாடலுக்கு உரிய ரப்பர் மேட் விரிக்கப்பட்டிருந்த ஒரு லெக்சஸ் காரில் ஆக்சிலரேட்டர் அதில் சிக்கி, காரிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்; அதன்பின் டொயோட்டா நிறுவனம் இலட்சக்கணக்கான கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. அந்த மேட் அந்தக் காருக்கு உரிய அளவில் இல்லை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று நாம் வாயால் சொல்லி விற்பது எத்தகைய உத்தரவாதம் என்பதை இதிலிருந்து உணரலாம். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்கு முழுதும் மூடித் தைத்த கவர் போட்டால், மோதலின்போது ஏர்பேக் விரிவதை அது தடுக்கக்கூடும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

பம்பர் கார்டு பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. அனுமதியின்றி அதைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அபராதம் கட்டியவர் அடுத்து நம் பட்டறைக்குத்தான் வருவார். ஆகவே இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பாதுகாப்புப் பட்டை 2023 பிப்ரவரி முதல் விதியில் உள்ளது. அது 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும், நைலானில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் படிக்காமல் தையல் உறுப்பினர்கள் யாரும் ஆர்டர் எடுக்க வேண்டாம். கார் நிறுவனங்களின் முத்திரையைச் சீட் கவரில் அனுமதியின்றிப் பின்னிக் கொடுப்பது வணிகச் சின்னச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குச் சரக்கு விற்றால் அது வெளிமாநில விற்பனை. விற்பனைத் தொகை எவ்வளவு சிறிதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும்.

எனவே, ஒவ்வொரு பொருளிலும் தயாரித்தவர் பெயரையும் முகவரியையும் ஒட்டுவது, எந்த மாடலுக்கானது என்பதைப் பில்லிலேயே எழுதுவது, பம்பர் கார்டு வேலையை நிறுத்துவது என்னும் மூன்று தீர்மானங்களை நிர்வாகக் குழு முன்வைக்கிறது. மூன்றாவதற்குக் குழுவிலேயே எதிர்ப்பு இருந்ததால், அதை மட்டும் தனி வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.