மாடியறை இசைக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு, பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய கடைவீடு ஒன்றின் மாடியறையில் எங்கள் எழுவர் குழு நடத்திய சுதந்திர மனோதர்ம இசை (எதையும் முன்கூட்டி அமைக்காமல் அந்நேரமே உருவாக்கி வாசிக்கும் இசை) நிகழ்ச்சிக்குத் துணைநின்ற ஒவ்வொருவருக்கும் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம். நிகழ்ச்சியின் முடிவில் எழுந்து நின்று இரண்டு வாக்கியங்களில் கூறிய நன்றி போதாது என்பது எங்கள் அனைவரின் எண்ணம். அன்று ஒலித்தவற்றையும், அதைவிட முக்கியமாக ஒலிக்காமல் நின்றவற்றையும் தீர்மானித்ததில் உங்கள் பங்கு எங்கள் பங்கிற்குச் சற்றும் குறைந்ததன்று.

இதை உபசாரத்திற்காகச் சொல்லவில்லை. வழக்கமான கர்நாடக இசைக் கச்சேரியில் கலைஞர் ஆலாபனையிலும் நிரவலிலும் கற்பனை ஸ்வரத்திலும் தம் மனோதர்மத்தைக் காட்டினாலும், ராகமும் தாளமும் அவரைத் தாங்கி நிற்கின்றன. திரும்பி வந்து சேர்வதற்குப் பல்லவியின் எடுப்பு காத்திருக்கிறது. வெளியே கூச்சல் எழுந்தாலும் கீர்த்தனை கீர்த்தனையாகவே இருக்கும். நாங்கள் அன்று வாசித்ததற்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. மிருதங்கம், உறுமி, ரெபானா என்னும் மலாய்ப் பறை, எர்ஹு என்னும் சீன வில்லிசைக் கருவி, சாக்சஃபோன், கிட்டார், குரல் ஆகிய ஏழும் ஒன்றையொன்று கேட்டு, கேட்டதற்கு இசைவாகவோ எதிராகவோ ஒலித்தன; பல வேளைகளில் வெறுமனே காத்திருந்தன. ராகமும் தாளமும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படாத இடத்தில் செவி ஒன்றே வழிகாட்டி என்பதால், அந்தச் செவிக்கு இடையூறு வராமல் காத்தவர்கள் எல்லாரும் எங்களுடன் சேர்ந்து வாசித்தவர்களே.

இப்படி வாசிக்கும் முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1964இல் ரோம் நகரில் இசையமைப்பாளர்கள் சிலர் இதற்கென்றே ஒரு குழு அமைத்தனர். திரையிசையால் உலகறிந்த என்னியோ மோரிக்கோனே அக்குழுவில் ட்ரம்பெட் வாசித்தார். மறு ஆண்டு லண்டனில் தோன்றிய ஏஎம்எம் குழுவில் கீத் ரோ கிட்டாரை மேசைமேல் படுக்க வைத்து வாசித்தார். எங்கள் கிட்டார் கலைஞர் அவ்வாறு செய்தபோது, கருவி பழுதாகிவிட்டதோ என்று எழுந்து வந்து விசாரித்த முன்வரிசை அம்மையாருக்கு இதுவே விளக்கம். அவருடைய அக்கறைக்கு எங்கள் வணக்கம். சாக்சஃபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் அவர்களின் நினைவோடு, ஒரு கல்யாணி ராகமாவது கிடைக்கும் என்று நம்பி வந்த பெரியவர்கள், சுரம் எழாமல் மூச்சும் விசைகளின் தட்டலும் மட்டுமே வந்த சாக்சஃபோனை முகம் சுளிக்காமல் கேட்டார்கள். அந்தப் பெருந்தன்மையை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாடியறையை வாடகை பெறாமல் தந்த உரிமையாளருக்கு முதல் நன்றி. ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, அந்த அறையின் பலகைத் தரையும் உயர்ந்த கூரையும் அதற்குப் போதும் என்று அவர்தான் கைதட்டிக் காட்டி உறுதியளித்தார். குளிர்சாதனத்தை நிறுத்தவும் இசைந்தார். அதன் இரைச்சல் ஒரு காரணம். மற்றொன்று தோல் கருவிகளின் இயல்பு. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், குளிர்சாதனத்தின் வறண்ட காற்றில் இறுகி ஏறும். இரண்டிற்கும் நடுவே மிருதங்கக் கலைஞர் படும் பாட்டை அனுபவித்தவர்களே அறிவார்கள். நடுமுற்றத்தை நோக்கிய சன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, வந்தவர்களின் கையில் ஆளுக்கொரு ஓலை விசிறியையும் கொடுத்த அவருடைய துணைவியாருக்கும் நன்றி. அன்று மாலை பெய்த மழையில் மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) முற்றிலும் தளர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து வந்து, தாம் புதிதாக மூட்டிவைத்திருந்த மிருதங்கத்தை இரவல் தந்த கருவிக் கலைஞருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை இரவில் லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் தெருவில் திரைப்பாடல் ஒலிக்காமல் கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்பது அத்தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் எங்கள் வேண்டுகோளை ஏற்று ஒலிபெருக்கிகளைத் தணித்த துணிக்கடை, இசைத்தட்டுக்கடை உரிமையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. தணிக்க மறந்த ஒருவருக்கும் நன்றி உரியது, கிண்டலாகச் சொல்லவில்லை. அவருடைய கடையிலிருந்து சன்னல் வழியே ஏறிவந்த குத்துப்பாட்டின் நடையை எர்ஹு கலைஞர் தம் இரு தந்திகளுக்கிடையே ஓடும் வில்லில் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்து நீட்ட, உறுமியின் இடப்பக்கத் தோலில் வளைகுச்சி தேய்ந்து எழுந்த உறுமல் அதன்கீழ் வந்து சேர்ந்த அந்தச் சில நிமிடங்களே அன்றைய இரவின் சிறந்த பகுதி என்பது என் தனிப்பட்ட கருத்து. குழுவில் இருவர் இதை ஏற்கவில்லை.

இஷா எனும் இரவுத் தொழுகை முடிந்த பிறகு தொடங்கலாம் என்று ஆலோசனை சொன்ன அண்டைவீட்டுப் பெரியவருக்கும் நன்றி. 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கொலி அந்த அறைவரை தெளிவாகக் கேட்கும்; அதற்கு வழிவிட்டுத் தொடங்கியது மரியாதைக்கும் பொருந்தியது, தெரு அடங்குவதற்கும் உதவியது. விரிப்பதற்கு ஜமுக்காளங்கள் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், அவற்றைச் சுமந்து படியேறிய இளைஞர்களுக்கும் நன்றி.

அனுமதி விண்ணப்பத்தில் பாடல்களின் பெயர்ப் பட்டியல் இல்லையே என்று கேட்டு, பட்டியலே இல்லாத இசை இது என்ற விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு, அதை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கற்றுத்தந்த மாநகர் கழக எழுத்தருக்கு நன்றி.

ஞாயிறுதோறும் வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்ட தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் காவலருக்கும் தனி நன்றி. முன்னேற்பாடில்லாத இசைக்கு ஒத்திகை எதற்கு என்று பலர் கேட்டனர். நாங்கள் பயின்றது கேட்பதை மட்டுமே. லண்டன் டிரம் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் (1940–1994) தம் பயிலரங்குகளில் கையாண்ட பயிற்சி ஒன்றை நாங்களும் மேற்கொண்டோம்: ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற மிகக் குறுகிய ஒலியைத் தொடர்ந்து எழுப்ப வேண்டும், அதே வேளையில் மற்ற ஆறு பேரின் ஒலியும் காதில் விழ வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்தால் தலை சுற்றும்.

ஒத்திகை ஒன்றைக் காண வந்த மூத்த தவில் கலைஞர் எங்களிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மொஹரா, கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டுகள் வந்தால் முடிவு நெருங்குவது எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அன்று முதற்பகுதியில் இது நன்றாகவே சோதிக்கப்பட்டது. எல்லாரும் நிறுத்திவிட்டதாக நினைத்துச் சிலர் கைதட்டத் தொடங்க, அந்தக் கைதட்டலையே தாளமாக எடுத்துக்கொண்டு ரெபானா மீண்டும் புறப்பட்டது; அதுவும் அடங்கிய பின் குரல் புறப்பட்டது. இரண்டாம் பகுதியில், இசை உண்மையாகவே முடியும்வரை ஒருவரும் கை அசைக்காமல் காத்திருந்தீர்கள். கேட்டுப் பழகிய சபை என்று தவில் கலைஞர் பிறகு பாராட்டியது எங்களை அல்ல, உங்களை. அந்தப் பாராட்டை உரியவர்களிடம் சேர்ப்பிக்கிறோம்.

வடையையும் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளையும் இடைவேளையில் மட்டுமே வழங்குவது என்று முடிவெடுத்த மகளிரின் முன்யோசனை பெரிது. கடலை மெல்லும் ஓசை அந்த அறையில் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர்கள் முன்பே கணித்திருந்தார்கள். இடைவேளையில் விடைபெற்றவர்களுக்கும் நன்றி. பிடிக்காததைக் கடைசிவரை கேட்க வேண்டும் என்று யாருக்கும் கடமை இல்லை. மரப்படிகள் ஒலிக்குமே என்று காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள்.

உண்டியலில் சேர்ந்த தொகை அனுமதிக் கட்டணத்திற்கும் மிருதங்கத்திற்குப் புதிய வலந்தலை மூட்டுவதற்கும் செலவிடப்படும். மீதி அந்தத் தமிழ்ப்பள்ளியின் இசை வகுப்பிற்குப் போகும். ஒலிப்பதிவுக் கலைஞர் கட்டணமின்றிச் செய்துதந்த பதிவின் படியை வேண்டுவோர், நுழைவாயிலில் பெயர் எழுதிய தங்கையிடம் சொன்னால் அனுப்பிவைப்போம். மறந்துவிட்டுப் போன இரண்டு குடைகள், ஒரு மூக்குக் கண்ணாடி, வடை கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு ஆகியவை கீழே உள்ள மளிகைக்கடையில் பத்திரமாக இருக்கின்றன. கடை ஞாயிறு பகல் மூடியிருக்கும் என்பதால் மற்ற நாள்களில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
குழுவின் சார்பில், உறுமிக் கலைஞர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு