ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் மலைப்பாதைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் தெற்கு டிரோலில் உள்ள ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கில் நம் பாதைப் பராமரிப்புச் சங்கம் கடந்த ஓராண்டில் ஆற்றிய பணிகளைப் பற்றிய இவ்வறிக்கையைச் செயற்குழுவின் ஒப்புதலோடு உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு ஒரே பாதைக்குச் சென்றது. ஃபெர்னாக்ட் ஏரிக்கரையில் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் தொடங்கி, டீசன்டால் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, 3,019 மீட்டரில் நீடர்யோக் கணவாயில் நிற்கும், மலையேறுவோர் தங்கும் சிமிலாவுன் குடிலில் முடியும் பாதை அது. நம் பொறுப்பில் உள்ளவற்றுள் அழகானது அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப்போல் மிதிபடும் பாதை வேறில்லை. பல்லாயிரம் ஆண்டு பனியில் உறைந்து கிடந்த பனிமனிதன் ஓட்சியின் உடல் கிடைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கீழிருந்து ஏறுவோர் ஒருபுறம். ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் புறப்பட்டு ஐரோப்பிய நெடும்பாதை ஈ5 வழியாக மெரானை நோக்கி வருகையில், இக்கணவாயைத் தாண்டிக் களைத்த காலோடு இறங்குவோர் மறுபுறம். இவர்களுக்கெல்லாம் மூத்த உரிமையோடு ஆண்டுக்கு இருமுறை கடந்து செல்லும் செம்மறி மந்தை மூன்றாவது.

ஏறுபவரைவிட இறங்குபவரே பாதையைக் கெடுக்கிறார் என்பது நம் தொண்டர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கீழே ஏரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வளைவுகளைச் சுற்றி வர யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு இறங்கும் ஒவ்வொரு குறுக்குவழியும் அடுத்த வசந்தத்தில் பனிக்கரைசல் நீருக்கு வாய்க்காலாகிவிடுகிறது. டீசன்ஹோஃப் பண்ணைக்கு மேலே லார்ச் மரங்கள் குறையத் தொடங்கும் இடத்தில் இத்தகைய பள்ளங்களைக் கல்லும் புல்கரணையும் இட்டு அடைத்தோம். பாதையின் குறுக்கே பட்டைக் கற்களைச் சாய்வாகப் பதித்து, நீர் பாதையில் ஓடாமல் சரிவுப் பக்கம் வெளியேறும்படி செய்தோம். பார்வைக்கு எளிய வேலையானாலும் இதில் நுட்பம் உண்டு. கல்லின் தலை பாதை மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் ஒரே மழையில் மண் மூடிவிடும், அதிகம் உயர்ந்துவிட்டால் நடப்பவர் அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் புல்லில் இறங்கி அங்கே புதிய தடம் போட்டுவிடுவார். சென்ற ஆண்டுகளில் மரக்கட்டை பதித்த இடங்களிலும் இனிக் கல்லையே பதிப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

இம்முடிவுக்கு மந்தையும் ஒரு காரணம். ஷ்னால்ஸ், வின்ஷ்காவ் விவசாயிகளின் செம்மறிகள் ஜூன் நடுவில் நீடர்யோக், ஹோக்யோக் ஆகிய கணவாய்களைத் தாண்டி வடக்கே ஆஸ்திரியாவின் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கில் உள்ள வெண்ட் கிராமத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வதும், செப்டம்பரில் திரும்பி வருவதும் 1415ஆம் ஆண்டின் மேய்ச்சல் உரிமை ஆவணத்தைவிடப் பழைய வழக்கம். இடையில் 1919இல் கணவாயின் மேல் இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளின் எல்லை வந்து விழுந்தபோதும் அது நின்றுவிடவில்லை. ஆல்ப்ஸிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் நடக்கும் இத்தகைய பருவகால மந்தை ஓட்டத்தை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெருமை ஒருபுறம் இருக்க, நமக்குத் தேவையானது நடைமுறை ஒழுங்கு. குடிலுக்குக் கீழே உள்ள செங்குத்தான சரளைச் சரிவில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் ஏறும்போது, மேலே நிற்கும் ஒருவர் காலால் உருட்டிவிடும் கல் அடியில் வரும் மேய்ப்பரின் தலைக்குத்தான் போகும். அவரோ அன்று காலை பிறந்த குட்டியைத் தோளில் போட்டிருப்பார், ஒதுங்க முடியாது. எனவே மந்தை கடக்கும் நாட்களில் கணவாயிலும் டீசன்ஹோஃபிலும் நம் தொண்டர்கள் நின்று நடைப்பயணிகளை நிறுத்திவைத்தார்கள். வழியில் மந்தையை எதிர்கொண்டவர்களை மேட்டுப்பக்கம் ஏறி நிற்கவும், நாய்களைக் கயிற்றில் பிடிக்கவும் கேட்டுக்கொண்டார்கள். பெரும்பாலோர் இணங்கினர். வழிகாட்டி இன்றித் தன் வாடிக்கையாளர்களை அனுப்பியிருந்த ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மட்டும், காத்திருந்த நேரத்துக்கு நம்மிடம் விளக்கம் கேட்டு எழுதினார். ஆடுகளுக்கு முன்னுரிமை உண்டு என்பதே நம் பதில்.

குடிலுக்கு மேலே நிலைமை கவலைக்குரியது. அங்கிருந்து முகட்டை ஒட்டி, 3,210 மீட்டர் உயரத்தில் டீசன்யோக்கில் ஓட்சி கிடைத்த இடத்தருகே உள்ள நினைவுக் கற்கூம்பு வரை செல்லும் தடம் பாறைக் குவியல்களின் மேல் செல்வது. சில இடங்களில் எஃகு வடம் பிடித்தே நகர வேண்டும். இந்தப் பாறைகளை இறுக்கிப் பிடித்திருந்தது ஆண்டு முழுவதும் நிலத்தடியில் உறைந்து கிடந்த பனி. அது இளகத் தொடங்கியபின், நேற்று அசையாத பாறை இன்று அசைகிறது. பாறையில் அறைந்த முளைகளும் அதோடு அசைகின்றன. கோடைத் தொடக்கத்திலும் நடுவிலும் முளைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்து, தளர்ந்தவற்றை உறுதியான பாறைக்கு மாற்றினோம். வடங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து குறைந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வடத்தைக் கண்டதும் கான்வாஸ் காலணிக்காரரும் துணிந்துவிடுகிறார். பனி பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே உரிய தடம் என்பதைக் குடிலின் வாசலிலேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறோம். குர்ஸ்ராஸிலிருந்து கம்பிவட ஊர்தியில் கிராவாண்டுக்கு ஏறி, அங்கிருந்து பனியாற்றைக் கடந்து வர விரும்புவோர் தகுதிபெற்ற வழிகாட்டி இல்லாமல் புறப்படக் கூடாது என்பதையும் இங்கே மீண்டும் பதிவு செய்கிறேன்.

பாதையின் தொடக்கத்தில் இருந்த பழைய விளக்கப் பலகையை அகற்றிப் புதியது வைத்தது உறுப்பினர்களிடையே எதிர்பாராத விவாதத்தை எழுப்பியது. ஓட்சி, கோடையின் இறுதியில் பனிப்புயலில் சிக்கி உறைந்து இறந்த மேய்ப்பர் என்று பழைய பலகை சொன்னது. 1991 செப்டம்பர் 19 அன்று நியூரம்பெர்க் தம்பதியர் அந்த உடலைக் கண்ட பிறகு பல ஆண்டுகள் அறிஞர்களே அப்படித்தான் எண்ணினார்கள். 2001இல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இடது தோளுக்குள் தீக்கல் அம்புமுனை தெரிந்தபின் அது கொலை என்றாயிற்று. குடலில் இருந்த மகரந்தம் காலத்தையும் திருத்தியது. வெப்பமான தென்பகுதிப் பள்ளத்தாக்குகளில் வசந்தத்தின் முடிவில் பூக்கும் ஹாப் ஹார்ன்பீம் மரத்தின் மகரந்தமும், உயரத்து ஊசியிலை மரங்களின் மகரந்தமும் அடுக்கடுக்காகக் கிடைத்ததால், அந்த மனிதர் தம் கடைசி ஒன்றரை நாளில் மேலிருந்து கீழிறங்கி மீண்டும் மேலேறியிருக்கிறார் என்று தெரிகிறது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவருடைய கோடரியின் செம்பு தெற்கு டஸ்கனியின் தாதுவைச் சேர்ந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தீக்கல்லோ வெரோனாவுக்கு வடக்கே உள்ள லெசினி மலையிலிருந்து வந்தது. இவையெல்லாம் புதிய பலகையில் இடம்பெற்றுள்ளன. கண்டெடுத்த இடம் எல்லைக்கு இப்பால் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் உள்ளே இருந்ததால்தான் அவர் இன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் இல்லாமல் போல்சானோ அருங்காட்சியகத்தில் இருக்கிறார் என்ற செய்தியையும் சேர்க்கச் சொன்னவர்கள் உண்டு. இடம் கருதி விட்டுவிட்டோம்.

விவாதம் இவை பற்றியதன்று. “ஓட்சி நடந்த பாதை” என்று பலகையின் தலைப்பில் எழுத வேண்டும், அப்போதுதான் வருகை கூடும் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். அவர் தெற்கிலிருந்து ஏறினார் என்பதற்கு மகரந்தமும், அவரோடு கிடைத்த பாசித் தாவரங்களும் சான்று தருகின்றன. இந்த வளைவில் காலூன்றினார், அந்த ஓடையைத் தாண்டினார் என்பதற்கு எச்சான்றும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாக மரத்தில் செதுக்கி வைக்கும் உரிமை நமக்கில்லை என்று கருதிய செயற்குழு, பெரும்பான்மை வாக்கில் அத்தலைப்பை நிராகரித்தது. அக்கால வாழ்க்கையைக் கண்டறிய விரும்பும் குடும்பங்களுக்கு ஊன்சர் ஃப்ராவில் 2001 முதல் இயங்கும் திறந்தவெளித் தொல்லியல் பூங்கா இருக்கிறது. வில்லை வளைத்துப் பார்ப்பதற்கும் அக்கால வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதற்கும் அதுவே பொருத்தமான இடம், பாதை நடப்பதற்கானது.

பனியாறுகள் பின்வாங்குவதால் நம்மிடம் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பொறுப்பு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோசன்டால் பள்ளத்தாக்குக்கு வடக்கே உள்ள குர்க்லர் ஐஸ்யோக் கணவாயில், 3,134 மீட்டர் உயரத்தில், 2003இல் எல்லை அளவைக்குச் சென்ற ஒரு வரைபட அறிஞர் பனியோரத்தில் கிடந்த பனிக்காலணி ஒன்றை எடுத்தார். வட்டமாக வளைத்த பிர்ச் மரக்கிளையும் குறுக்கே கட்டிய கயிறும்தான் அது. நூறாண்டுக்கு முந்தைய விவசாயி எவரேனும் விட்டுச் சென்றது என்று நினைத்து அவர் அதைத் தம் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பின்னர் ஒப்படைக்கப்பட்டுக் காலம் கணிக்கப்பட்டபோது, கி.மு. 3800க்கும் 3700க்கும் இடைப்பட்டது, அதாவது ஓட்சியைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது என்று தெரிந்தது. அப்படியொரு பொருள் நம் தொண்டர் எவருடைய காலடியிலும் நாளை கிடக்கலாம். அது பார்ப்பதற்குப் பழைய கூடையின் உடைந்த விளிம்புபோலத்தான் இருக்கும். ஆகவே உயர்பாதைகளில் வேலை செய்யும் அனைவருக்கும் வசந்தத்தில் ஒரு பயிற்சி நடத்தினோம். மரம், தோல், கயிறு, நார் எது தென்பட்டாலும் பனியிலிருந்து இழுக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, பக்கத்தில் கைக்கோலையோ கையுறையையோ வைத்து அளவு புரியும்படி படம் எடுத்து, இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, போல்சானோவில் உள்ள தொல்லியல் அலுவலகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். பல்லாயிரம் ஆண்டு பனிக்குள் இருந்த பொருள் வெயிலில் சில நாட்களிலேயே உதிரத் தொடங்கிவிடும் என்பதால் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பது இதில் செல்லாது.

மற்றப் பாதைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். டெக்செல் மலைத்தொகுதியைச் சுற்றி வரும் மெரான் உயர்பாதையில், அதாவது 24ஆம் எண் பாதையில், கத்தரினாபெர்கிலிருந்து ஃபோசன்டால் வழியாக ஐஸ்யோக்ல் கணவாயை நோக்கிச் செல்லும் பகுதியில் சிவப்பு வெள்ளைக் குறிகள் புதுப்பிக்கப்பட்டன. ஃபைனைல் பண்ணைக்குச் செல்லும் பாதையில் பெரிய பழுது இல்லை. ஃபெர்னாக்ட் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட எட்டுப் பண்ணைகளைப் பற்றி ஏரியைச் சுற்றும் பாதையில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்றுள்ளது. அக்குடும்பங்களின் வழிவந்தோரிடம் பேசிய பிறகே வாசகம் எழுதப்படும்.

இக்கூட்டத்தின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. சிமிலாவுன் குடிலுக்கும் டீசன்யோக்குக்கும் இடையிலான தடத்தைப் பாறைச்சரிவு அபாயம் மிகும் நாட்களில் முன்னறிவிப்பின்றி மூடும் அதிகாரத்தைப் பாதைப் பொறுப்பாளருக்கு வழங்குவது முதல் தீர்மானம். மந்தை கடக்கும் நாட்களின் காவல் பணியை வெண்ட் தரப்பினரோடு பகிர்ந்து கொள்வது இரண்டாவது. இரண்டையும் ஏற்குமாறும், இவ்வறிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்