கேட்காமலே தண்ணீர் வைக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இன்று தாம்பரம் என்றால் நாளை பெரம்பூர். மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஓட்டலில்தான். அதனால் சென்னை ஓட்டல்களில் தண்ணீர் விஷயம் எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பதை வருடக்கணக்காகக் கூடவே இருந்து பார்த்து வருகிறேன். வெயில் ஏறிவிட்ட இந்த நேரத்தில் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முன்பெல்லாம் ஓட்டலில் உட்கார்ந்ததும் முதலில் வருவது தண்ணீர்தான். "என்ன சாப்பிடறீங்க?" என்ற கேள்வியே அப்புறம்தான். இப்போது கொஞ்சம் ஏ.சி. போட்ட இடம் என்றால் நாம் உட்காரும் முன்பே மேஜையில் பாட்டில் நிற்கிறது. இல்லையென்றால் "கூலிங்கா, நார்மலா?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே பாட்டில்தான். சாதாத் தண்ணீர் என்று ஒன்று அந்தக் கடையில் இருப்பதாகவே கேள்வியில் வராது.

எழும்பூர் பக்கம் ஓர் ஓட்டலில் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து மேஜையில் வயதான கணவன் மனைவி, கூட ஒரு பெண். அந்தப் பெண்ணின் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், எக்ஸ்ரே கவர். வெளியூர்க்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர்கள் விலைப்பட்டியலைக் கீழிருந்து மேலாகப் பார்த்து எது மலிவு என்று தேடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் வந்து இரண்டு பாட்டிலின் மூடியை டக்கென்று திருகி டம்ளரில் ஊற்றிவிட்டார். சீல் உடைந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது, அது அவருக்கும் தெரியும். பில் வந்தபோது பெரியவர் அதை இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மிச்சமிருந்த தண்ணீரோடு இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

என்னைப் போன்றவர்கள் "அண்ணே, ஜக்குத் தண்ணி கொடுங்க" என்று கேட்டுவிடுவோம். அந்தப் பெரியவர் கேட்க மாட்டார். பெரிய கடைக்குள் முதல் தடவை வருபவர், நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படுபவர், புது மருமகளைக் கூட்டி வந்திருப்பவர், இவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். கையில் காசு குறைவாக இருப்பவருக்குத்தான் கூச்சம் அதிகம். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் பாட்டில் மேஜைக்கு வருகிறது. எனக்குக் கோபம் அதில்தான். பாட்டில் விற்பதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்பவருக்கு விற்கட்டும்.

சாதாத் தண்ணீர் கொடுத்தால் முதலாளிக்கு எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்று கணக்குப் பாருங்கள். எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் 40 ரூபாய். கால் லிட்டர் டம்ளர் என்றால் ஒரு கேனில் 80 டம்ளர். டம்ளருக்கு 50 பைசா. ஒருவர் இரண்டு டம்ளர் குடித்தாலும் ஒரு ரூபாய். 150 ரூபாய் சாப்பாட்டில் அப்பளமும் ஊறுகாயும் தனி பில் இல்லாமல் வருகின்றன. தண்ணீருக்கு மட்டும் ஏன் தனி பில்?

"எங்க தண்ணி நல்லா இருக்காது சார், பாட்டில் எடுத்துக்குங்க" என்று சில இடங்களில் அக்கறையாகவே சொல்கிறார்கள். அப்படியென்றால் தேங்காய்ச் சட்னி எந்தத் தண்ணீரில் அரைத்தது? அது கொதிக்க வைக்கிற பண்டமில்லை. மோர் எதில் கலக்கியது? ஓட்டல் சமையலுக்குப் பயன்படுத்தும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றும் கடையில் குடிதண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, அதை டம்ளரில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. பின்பற்றாத கடை என்றால் பிரச்சினை தண்ணீரோடு நிற்காது.

நம் ஊர்க் குழாயில் வருவதை அப்படியே பிடித்து மேஜையில் வை என்று நான் கேட்கவில்லை. செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி என்று எங்கிருந்து வந்தாலும் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் சுத்தமாகத்தான் கிளம்புகிறது. பழைய குழாய், கழுவாத சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி), மூடி இல்லாத மேல்தொட்டி, இவற்றில் கெடுகிறது. லிஃப்ட் மோட்டார் அறை பெரும்பாலும் மொட்டை மாடியில் இருப்பதால் மேல்தொட்டிகளின் லட்சணத்தை நான் நன்றாக அறிவேன். எனவே வடிகட்டிக் கொடுக்கட்டும். ஏரித் தண்ணீர் வருகிற பகுதிகளில் அதற்கு உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம்கூட வேண்டியதில்லை, சாதாரண ஃபில்டரும் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் போதும். ஆர்.ஓ. கணிசமான தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளிவிடும். போர்வெல் தண்ணீரையும் லாரியையும் நம்பியிருக்கும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பகுதி வேறு கதை, அங்கே கேன் வாங்கி ஊற்றட்டும்.

பாட்டில் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2024 இறுதியில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. காரணம் இல்லாமல் சேர்த்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. ஓட்டல்கள் பாட்டில் தண்ணீரை அதில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு (எம்.ஆர்.பி.) மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உட்கார இடம், பரிமாற ஆள் என்று சேவையும் சேர்ந்திருக்கிறது என்பது காரணம். அது பாட்டில் விலை பற்றிய வழக்கு. சாதாத் தண்ணீர் தர வேண்டாம் என்று அதில் யாரும் சொல்லவில்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்காத சேவைக் கட்டணம் பில்லில் வரக் கூடாது என்றால் கேட்காத பாட்டில் மட்டும் வரலாமா? இங்கிலாந்தில் மது விற்கும் விடுதிகள்கூட, கேட்கும் வாடிக்கையாளருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியமாக நினைக்கிறோம். சித்திரை பிறந்தால் கட்சிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பந்தல் திறக்கிறார்கள். ஓட்டலுக்கு மட்டும் ஒரு விதி போட ஏன் தயங்க வேண்டும்?

2019 கோடையை மறக்க முடியாது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். லாரிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. ஆனால் அப்போதும் தண்ணீர் கிடையாது என்று சொல்லாத கடைகள் இருந்தன. அரை டம்ளர் ஊற்றி, "வேணும்னா மறுபடி கேளுங்க, வீணாக்காதீங்க" என்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அது நல்ல பழக்கம், இப்போதும் அப்படியே செய்யலாம். அதே வருடம் ஜனவரியில்தான் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் ஒழிய வேண்டியதுதான், தடை சரியானது. ஆனால் ஓரிரு ரூபாய் பாக்கெட்டில் தாகம் தீர்த்துக்கொண்டவர் 20 ரூபாய் பாட்டிலுக்குத் தள்ளப்பட்டார். 2013-ல் 10 ரூபாய்க்கு வந்த அம்மா குடிநீரும் இப்போது என் கண்ணில் படுவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் தண்ணீரை நிறுத்தாதவர்கள் சின்னக் கடைக்காரர்கள்தான். திருவல்லிக்கேணி மெஸ்களைப் பாருங்கள், சைதாப்பேட்டை மார்க்கெட்டைச் சுற்றியுள்ள டிபன் கடைகளைப் பாருங்கள். கையேந்தி பவனில்கூட ஸ்டூல் மேல் ஒரு கேன், அதன்மேல் கவிழ்த்து வைத்த டம்ளர். சாப்பிடாமல் போகிறவர் எடுத்துக் குடித்தாலும் யாரும் கேட்பதில்லை. இட்லியில் பத்து ரூபாய் பார்ப்பவரால் முடிகிறது.

சாப்பிட வருகிறவர்களோடு இது முடியவும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பெரிய ஓட்டல் வாசலிலும் பார்சலுக்காக டெலிவரி பையன்கள் நிற்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையிலிருந்து வியர்வை சொட்டும். உள்ளே போய்த் தண்ணீர் கேட்கத் தயங்கி, வாசல் செக்யூரிட்டியிடம் வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தச் செக்யூரிட்டியும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத்தான் நீட்டுகிறார். இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் நினைத்தால் இது பெரிய வேலை இல்லை. ஓட்டல் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சில நிபந்தனைகளைச் சேர்க்கட்டும். கேட்காமலே மேஜைக்குத் தண்ணீர் வர வேண்டும், கேட்டால் மட்டுமே பாட்டில் வர வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை, உரிமத்தை மாட்டியிருக்கும் அதே சுவரில், தேதி தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும். ஜக்குக்கு மூடி வேண்டும், டம்ளரைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பலர் பாட்டில் வாங்குவது தண்ணீருக்குப் பயந்து அல்ல, பிசுக்கு ஏறிய டம்ளருக்குப் பயந்துதான். வாசலில், பார்சலுக்கு நிற்பவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கேனும் நாலு டம்ளரும் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஓட்டல் சங்கத்தினரை அழைத்துப் பேசி இதை அறிவிக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை.