மரியாதை கேட்டிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய அதிபர் சிஸ்டர் அவர்களுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

வணக்கம். பிள்ளைகளிடம் மரியாதையும் ஒற்றுமையும் வளர வேண்டும் என்று பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்வது, கூடப் படிப்பவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாமல் இருப்பது, சாப்பாட்டைப் பகிர்ந்து உண்பது என்று அதில் இருந்ததெல்லாம் நல்ல விசயங்கள். நானும் வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதே கிழமை காலைக் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து மழையில் நனைந்து பிந்தி வந்த பிள்ளைகளை, கூட்டம் முடியும்வரை எல்லோருக்கும் எதிரே வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரைக்கும் சேறு. "லயத்துப் பழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க" என்று மைக்கில் சொன்னதும் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் ஏன் பிந்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் பாதை உடைந்ததிலிருந்து பஸ் மேலே போவதில்லை. அந்த வரிசையில் நின்ற ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். ஒன்பது வயது. அம்மா விடியக்காலையிலேயே வீட்டு வேலையை முடித்துவிட்டு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். அதனால் கைக்குழந்தையை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடுவது இவள் பொறுப்பு. ஆயா வந்து கதவைத் திறக்கும்வரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் தேயிலை மலை வழியே குறுக்குப் பாதையில் இறங்குவாள். மழைக் காலத்தில் அந்தப் பாதையில் சறுக்காமல் இறங்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். கீழே வந்து சேர்ந்ததும் காலுறைக்குள் கையை விட்டு அட்டையைப் பிடுங்கிப் போட வேண்டும். இத்தனைக்கும் பிறகு 7.30 மணிக்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும்.

தம்பியை வாசலில் தனியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் அவள் நேரத்துக்கு வந்திருப்பாள். அப்படி விட்டுவிட்டு வராத பிள்ளையைத்தான் ஊரே பார்க்க நிறுத்தினீர்கள். உங்கள் கடிதம் கேட்கிற அன்பும் பொறுப்பும் அவளிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

என் முக்கிய வேண்டுகோள் இதுதான். பிந்தி வரும் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்துவதைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

என் மகளும் அங்கேதான் தரம் நான்கில் படிக்கிறாள். அன்று பின்னேரம் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்த தம்பியைப் பார்த்து, "லயத்துப் பிள்ளை மாதிரி வராத" என்றாள். எங்கே கேட்டாய் என்றேன். "கூட்டத்துல சொன்னாங்க" என்றாள். பட்டப்பெயர் சொல்லக் கூடாது என்று என் கையில் கடிதம். மகளின் வாயில் பாடசாலை சொல்லிக்கொடுத்த பட்டப்பெயர். இதில் எதை நான் அவளுக்குச் சரி என்று சொல்வது?

அடிக்கவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பிரம்பைத் தடுத்துவிட்டது, உண்மைதான். ஆனால் எல்லோரும் சிரிக்க நிற்பது பிரம்படியைவிட எந்த விதத்தில் லேசானது என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த மலைநாட்டில்தான் புனித யோசேவாஸ் அடிகளார் ஊழியம் செய்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடியபோது, மதம் பார்க்காமல் நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர் அவர். பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். புயல் அடித்த நாட்களில் நாமும் அப்படித்தான் இருந்தோமே! தேவாலயத்திலும் கோயிலிலும் விகாரையிலும் பாடசாலையிலும் ஆட்கள் ஒன்றாகத் தங்கினார்கள். யார் லயம், யார் டவுன் என்று யாரும் கேட்கவில்லை. மழை விட்டதும் அது எங்கே போனது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கு "வாங்க, உட்காருங்க". கொழுந்து பறித்துவிட்டு அரை நாள் பேரை இழந்து வரும் தாய்மாருக்கு "நீ ஏன் போன கூட்டத்துக்கு வரல?" வயதில் மூத்த பெண்கள் அவர்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்க்கிறார்கள், சிஸ்டர். பண்பு வாரம் வைத்தாலும் பதாகை கட்டினாலும் அவர்கள் இதைத்தான் படிப்பார்கள்.

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர்கள் குறைந்த வசதிகளோடு எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பாதை திருத்தப்பட்டு பஸ் மேலே போகும்வரைக்காவது மேல்பிரிவுப் பிள்ளைகள் நேரே வகுப்புக்குப் போக அனுமதி கொடுங்கள். கேட்டடியில் ஒரு வாளித் தண்ணீரும் கால் துடைக்க ஒரு சாக்கும் இருந்தால் போதும்; அதைப் பார்த்துக்கொள்ள எங்களில் சிலர் முறை வைத்து வரத் தயார். பிந்தி வந்தவர்களைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்துவதை வரும் திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திவிடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்கு உங்கள் பதிலை எல்லோர் முன்னிலையிலும் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரம் நான்கு மாணவி ஒருவரின் தாய்