31-ஆம் பக்கத்துக்கு ஒரு நன்றி

லண்டன் ஈஸ்ட்ஹாம் மதிய உணவுக் குழு நண்பர்களுக்கும், காட்பாடியில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கும்,

நேற்று இரவு செய்தி வந்தது. நாம் கேட்ட புது மானியப் பணம் குழுவின் கணக்கில் ஏறிவிட்டது. இன்னும் ஆறு மாதத்துக்கு நம் பெரியவர்கள் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு போய்விடும். நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. கொரோனாவால் நம் ஹாலைப் பூட்டியதும், அப்புறம் யார் யாரை இழந்தோம் என்பதும் உங்களுக்கே தெரியும். அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்காக மூன்று வாரம் என்று வந்தவள் ஆறாவது மாதமாக இங்கேயே உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

காரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள், தங்கள் வீட்டு அடுப்பில் ஐம்பது பேருக்கு சாம்பார் வைத்தவர்கள், நடு ராத்திரி என் போனை எடுத்த பொருளாளர், வைஃபை பாஸ்வேர்டு கொடுத்த எதிர்வீட்டு மாமி, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுகிறேன்.

மானிய அலுவலகத்து அம்மையாருக்கும் ஒரு கும்பிடு. பெரியவர்களை பஸ்ஸில் கடற்கரைக்கு அழைத்துப் போக என்று போன வருடம் வாங்கிய பணம் அப்படியே கிடந்தது. அதைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்யலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். மார்ச்சுக்குப் பிறகு எல்லாக் குழுக்களுக்கும் இந்த நெகிழ்வு உண்டு, இப்போது எது தேவையோ அதற்குச் செலவு செய்யுங்கள், கணக்கை மட்டும் விடாமல் எழுதி வையுங்கள் என்றார். ஐந்து நிமிஷப் பேச்சு. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனால் இந்த மடலில் நான் முக்கியமாக நன்றி சொல்ல வந்தது இங்கே காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு. பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

புது மானியத்துக்கு விண்ணப்பிக்க 2020 ஆகஸ்ட் 17 கடைசி நாளாக இருந்தது. அதற்குள் ஆண்டுக் கணக்கை முடித்தாக வேண்டும். லெட்ஜரோ என் பெட்டியில். கையால் எழுதிய 46 பக்கம். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் 3 எது 8 எது என்றே தெரியவில்லை என்று பொருளாளர் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்து எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நோய். தெரு முனையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். கடைக்கு போன் போட்டு, சும்மா புலம்பத்தான் புலம்பினேன். "வெளிய வர முடியாதா? சரிக்கா, நான் அங்க வரேன்" என்றார்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஸ்கேனரைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு, முனையில் இருக்கும் டெய்லர் கடையிலிருந்து ஒயர் இழுத்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார். இடுக்கு வழியாக நான் லெட்ஜரை நீட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு பக்கமாக வைத்து, எடுத்து, திருப்பி, இரண்டு மணி நேரம். 31-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அக்கா, இந்தப் பக்கம் கூட்டல் உதைக்குது."

"இருக்காது தம்பி, மூணு தடவை போட்டேன்."

"27 வித்தியாசம் கீது. ஒம்பதால வகுபடுது பாருங்க. எங்கியோ ரெண்டு நம்பர் இடம் மாறிக்கீது."

தேடினோம். டாக்ஸிக் கூலி 47 பவுண்டை 74 என்று எழுதியிருந்தேன். அந்த அம்மையார் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கணக்கு. அதில்தான் இந்தத் தப்பு. அவர் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தால் நான் தகரத்துக்குள்ளேயே புதைந்திருப்பேன்.

இந்த ஒன்பது வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். படிப்பெல்லாம் இல்லையாம். அவருடைய அப்பா வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்றவர். வித்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று ராத்திரி ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க வேண்டும். உதைத்தால் கைக்காசு போகும். பள்ளிக்கூடப் பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்ததும் அந்தப் பிழைப்பு போனது. கொஞ்ச நாள் கழித்துக் கடன் வாங்கி ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின் போட்டார்களாம். "ஆமா, இம்மாம் கணக்கு கேக்குறாங்களே, யாருக்கா இந்தப் பணம் தர்றது?" என்றார்.

"லாட்டரி" என்றேன். தகரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா அந்தப் பஸ் ஸ்டாண்டில் சீட்டு வாங்கியவர். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று சட்டைப்பை முழுக்க மலைநாடுகள். அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போய் மூழ்கியதும் அதில்தான். அண்ணா காலத்தில், 1968-இல், அரசே பரிசுச் சீட்டு தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். எங்கள் வீட்டில் விழவே இல்லை. அதனால்தான் லாட்டரிப் பணம் வேண்டாம் என்று குழுக் கூட்டத்தில் முதலில் முரண்டு பிடித்தவள் நான். இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அன்று இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பிரிட்டனில் சீட்டு விற்பது ஒரு கம்பெனி. அதை மேய்ப்பது சூதாட்ட ஆணையம். சீட்டுக்குக் கொடுக்கும் ஒரு பவுண்டில் ஏறக்குறைய கால் பங்கு நற்பணிக்கென்று ஒதுங்குகிறது. விளையாட்டுக்கு, கலைக்கு, பாரம்பரியத்துக்கு நூற்றுக்கு 20 வீதம். மீதி 40-ஐ நம்மைப் போன்ற குழுக்களுக்குப் பிரித்துத் தருவது தேசிய லாட்டரி சமூக நிதியம். விற்பவன் ஒருவன், கண்காணிப்பவன் ஒருவன், கொடுப்பவன் ஒருவன். நம் பஸ் பயணப் பணம் லாட்டரிப் பணம். இப்போது வந்தது நோய்க்கால உதவிக்கென்று அரசு ஒதுக்கிய 200 மில்லியன் பவுண்டில் ஒரு துளி. அதைப் பங்கிடும் வேலையையும் அரசு இதே நிதியத்திடம்தான் விட்டது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நிதியம் பொதுவில் வெளியிடும்.

நிர்வாகக் குழுவில் ரத்த சொந்தமோ கல்யாண சொந்தமோ ஒரே வீடோ இல்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்ற விதியையும் சொன்னேன். குடியாத்தம் பக்கத்து ஆட்களை வைத்துக்கொண்டு அப்படி இரண்டு பேரைத் தேட நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? பொருளாளர் எனக்கு மூன்று வழியில் சித்தப்பா முறை. ரத்த சொந்தமோ கல்யாண சொந்தமோ ஒரு வழியிலும் இல்லை, வெறும் ஊர்முறைதான் என்று பாட்டியிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

அம்மா காலை நீட்டிக்கொண்டு எல்லாம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "உங்கப்பா போட்ட காசு எங்க போச்சுன்னு ஒருத்தனாச்சும் எனக்குக் கணக்கு காட்டினானா? இவங்க காட்றாங்க இல்ல. வாங்கு." அவ்வளவுதான் அனுமதி. சூதாட்டம் நல்லதாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் சட்டைப்பை காலியாகிற அப்பாக்கள் இருப்பார்கள். அந்தக் காசில்தான் நம் கமலா ஆச்சிக்கு ரசம் போகிறது என்ற எண்ணம் எனக்கு இனி ஒவ்வொரு பில்லை எழுதும்போதும் வரும். வரட்டும். இனி ஒவ்வொரு பக்கத்தையும் எழுதின அன்றைக்கே இன்னொருவர் கூட்டிப் பார்க்காமல் அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன், இது சத்தியம்.

தெரு திறந்த அன்று 500 ரூபாயோடு கடைக்குப் போனேன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு ரூபா வீதம் 92 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். பெட்ரோலுக்காவது என்றால் முகம் சுருங்குகிறது. ரொம்ப வற்புறுத்திய பிறகு ஒன்று கேட்டார். அவருடைய அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் சீட்டைக் கையில் தடவியே எந்த மாநிலம் என்று சொன்னவராம். லண்டன் சீட்டு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு தரம் காட்ட வேண்டுமாம்.

விமானம் எப்போது என்று தெரியவில்லை. அதுவரை உங்களில் யாரிடமாவது பரிசு விழாத பழைய சீட்டு இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். ஹால் திறந்ததும் என் மேசை டிராயரில் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலாளர்,
காட்பாடியிலிருந்து