எங்கள் டேட்டாபேஸ் ஆளை டேட்டாபேஸ் பக்கமே விடுங்கள்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பத் தலைமைக்கு,

வணக்கம். குழுக்களைக் கலைத்து, இனிமேல் எல்லாரும் ஃபுல் ஸ்டாக், அதாவது திரை முதல் டேட்டாபேஸ் வரை எல்லா வேலையையும் எல்லாரும் செய்ய வேண்டும் என்று நீங்கள் அறிவித்து எட்டு மாதம் ஆகிறது. அதன் காரணங்கள் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: டேட்டாபேஸை ஆழமாகத் தெரிந்த அந்த ஒருவரை மறுபடி டேட்டாபேஸ் வேலையிலேயே உட்கார வையுங்கள்.

போன செவ்வாய் இரவு ஆர்டர்கள் நின்றுபோனதன் அறிக்கையைப் படித்திருப்பீர்கள். அதில் இல்லாததைச் சொல்கிறேன். ஆர்டர்கள் பதிவாகும் டேபிளுக்கு ஒரு இண்டெக்ஸ் (வேண்டிய வரியைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) சேர்க்கும் வேலை, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் வந்தது. டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்தார், கண் இமைப்பதற்குள் முடிந்தது. ரிவ்யூ செய்தது நான்தான், எனக்கும் தப்பாக எதுவும் படவில்லை. ஆனால் ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில்) அந்த டேபிளில் பல கோடி வரிகள் இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால் அது முடியும்வரை டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. எழுதுவதைத் தடுக்காமல் போடுவதற்கு 'கன்கரன்ட்லி' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும், அப்படிப் போடுவதைப் பல கட்டளைகளை ஒரே கட்டாக ஓட்டும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது என்பதால் டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கருவியிலும் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். எல்லாம் ஆவணத்தில் இருப்பதுதான். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடிப் படிக்கத் தோன்றும்?

50 நிமிடம் ஒரு ஆர்டர்கூடப் பதிவாகவில்லை. பக்கங்கள் முதலில் ஒழுங்காகத் திறந்ததால் எங்களுக்கு டேட்டாபேஸ் மீது சந்தேகமே வரவில்லை. சர்வர்களை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தோம், அப்புறம் கூடுதலாகச் சில சர்வர்களைச் சேர்த்தோம், அதனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களும் தீர்ந்துபோய் பக்கங்களும் நின்றன. கடைசியில் அந்த டேட்டாபேஸ் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினோம். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தார், டேபிளைப் பூட்டி வைத்திருந்த அந்த இண்டெக்ஸ் வேலையை நிறுத்தினார். ஆறே நிமிடம்.

காலையில் அவர், தேதி தேர்வு செய்யும் பெட்டி மொபைலில் கோணலாகத் தெரிவதைச் சரிசெய்யும் டிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார். அறிக்கையில் காரணம் 'மனிதத் தவறு' என்று பதிவானது, பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர். நேற்று அவர் ஒரே ஒரு வரி மாற்றத்தை என்னிடம் மூன்று முறை கொண்டுவந்து, சரியாக இருக்கிறதா, நிஜமாகச் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். நல்ல திறமைசாலி அவர். அவரை இப்படி நடுங்க வைத்தது எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த முடிவு. அதை எழுத அந்த அறிக்கையில் இடமே இல்லை.

பொதுவான திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. நானே அப்படிப்பட்டவன்தான், திரையிலிருந்து, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐ வரை எல்லாவற்றிலும் கை வைப்பேன், ஒரு வசதியை முதலிலிருந்து கடைசிவரை யாருக்கும் காத்திருக்காமல் செய்து முடிக்க என்னைப் போன்றவர்கள் வேண்டும். ஆனால் பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்களே, அந்த இரவில் அதுதான் எங்கள் நிலை. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அங்கேயே வேலை பார்த்த ஹார்லன் மில்ஸின் யோசனையை எடுத்துக்கொண்டு, மென்பொருள் குழு அறுவை சிகிச்சைக் குழு மாதிரி இருக்க வேண்டும் என்று 1975-லேயே எழுதினார். மொழியின் நுணுக்கம் தெரிந்த ஒருவர், கருவி செய்யும் ஒருவர், சோதிக்க ஒருவர் என்று அதில் ஆளுக்கு ஒரு ஆழம் உண்டு.

இன்று ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே பன்னிரண்டு தொழில்நுட்பம் கேட்கிறீர்கள், பதவி உயர்விலும் எத்தனை இடத்தில் கை வைத்தாய் என்றுதான் கேள்வி. பத்து வருடம் ஒரே விஷயத்தைத் தோண்டியவருக்கு அந்தப் படிவத்தில் நிரப்ப ஒரு கட்டம்கூடக் கிடையாது. இன்று டேட்டாபேஸ், நாளை செக்யூரிட்டி, அதற்கு அடுத்து நெட்வொர்க், ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவார்கள், அப்போதும் மனிதத் தவறு என்றே எழுதுவோமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய குழுக்களைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த டேட்டாபேஸ் ஆளிடமிருந்து திரை வேலைகளை எடுத்துவிடுங்கள், டேபிளைத் தொடும் ஒவ்வொரு மைக்ரேஷனும் அவர் பார்வைக்குப் போகட்டும், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் எங்களுக்குச் சொல்லித் தரட்டும். அந்த அறிக்கையிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரையும் தயவுசெய்து நீக்குங்கள். அடுத்த மைக்ரேஷன் வியாழக்கிழமை. அதற்குள் பதில் தந்தால் நன்றி.

இப்படிக்கு,
அந்த ரிவ்யூவில் ஒப்புதல் கொடுத்தவன்